என் கடைவாய்ப் பல்லும் சேஷாத்ரியின் வேலையும்

பல் மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகப் பாடம் நடத்தச் சேர்ந்தவர்கள் சில சமயம் என்னைப் பார்க்க வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், பசங்களை எப்படிக் கட்டி மேய்க்கிறது?" கட்டி மேய்க்க அவர்கள் என்ன மாடா என்று நான் எரிந்து விழுவேன். விழுந்த பிறகு பாவமாக இருக்கும். கேட்டவர்களுக்கு ஏதாவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில், ஒரே வாரத்தில் நடந்து முடிந்த ஒரு விஷயம். அதையே எழுதிவிடுகிறேன்.

1. சின்ன டாக்டர்

அப்போது பல் வைத்தியத்துக்கென்று பெரிய கல்லூரியெல்லாம் எங்கள் பக்கத்தில் இல்லை. மயிலாப்பூரில், லஸ்ஸுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தர்மாஸ்பத்திரி. அதன் பல் பிரிவோடு ஒட்டிக்கொண்டு ஒரு வகுப்பு நடந்தது. அந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பு. பெரிய வயசெல்லாம் இல்லை, முப்பத்தைந்தைத் தொடவில்லை. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து டிராமில் வருவேன். நோயாளிகளுக்கு நான் 'பாய் டாக்டர்'.

யுத்தகாலமாதலால் எல்லாவற்றுக்கும் பஞ்சம். ஊசி மழுங்கினால் தூக்கிப் போட முடியாது, கல்லில் தீட்டித் திரும்பவும் கொதிக்க வைப்போம். டிரில் கால் மிதியில் ஓடியது. இந்த லட்சணத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டிச் சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு யார் வருவார்கள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் சேஷாத்ரி வந்தார். கல்கத்தாவில் படித்தவர். வீடு தெற்கு மாடவீதி. மவுண்ட் ரோடில் அவருடைய மாமா பெரிய பல் டாக்டர். அங்கே போயிருந்தால் ராஜா மாதிரி இருக்கலாம்.

"இங்கே ஏன் வர்றீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுக்கணும்னு ஆசை சார். மாமாகிட்ட போனா பல்லு மட்டும்தான் பார்த்துண்டிருக்கலாம்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

முதல் நாள் வந்த நோயாளி, குளத்தங்கரையில் பூ விற்கும் அம்மாள் ஒருத்தி. கன்னம் வீங்கியிருந்தது. ஊசி போட விட்டாளே தவிர, அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று பிடிவாதம்.

"மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு பூடுமாமே? எங்க தெருவுல ஒருத்திக்குப் பூட்ச்சி."

"அப்படியா? எந்தக் கண்ணும்மா போச்சு?" என்று சேஷாத்ரி ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

அவள் யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். சொல்லி முடிப்பதற்குள் பல் தட்டில் கிடந்தது. "அய்ய, எப்ப எட்த்தே?" என்று அவள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றிலிருந்து அவர் 'சின்ன டாக்டர்'. ஒரே மாதத்தில் என்னைத் தேடி வந்தவர்கள்கூட அவர் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். பொறாமைப்பட்டேனா என்றால், கொஞ்சம் பட்டேன். ஆனாலும் நல்ல ஆளைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் அதிகம்.

2. தட்டு பிடிப்பவர்கள்

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். நாற்காலியில் இருக்கும் நோயாளியை மாணவன் பார்ப்பான். டெமான்ஸ்ட்ரேட்டர் பின்னால் நிற்பார். மாணவன் திணறினால், "நகரு" என்று சொல்லி டெமான்ஸ்ட்ரேட்டர் பல் பிடுங்கும் குறடான ஃபோர்செப்ஸை வாங்கிக்கொள்வார். அந்த மாணவன் இடப்பக்கம் போய், எச்சிலும் ரத்தமும் விழுகிற கிட்னி ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்கு 'தட்டு பிடிக்கிறது' என்று பெயர். எல்லோருக்கும் ஒன்றிரண்டு முறை நடப்பதுதான். நானும் பிடித்திருக்கிறேன்.

சேஷாத்ரியின் வகுப்பில் எல்லோரும் எப்போதும் தட்டுதான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊசி போடுவதுவரை விடுவார். ஃபோர்செப்ஸ் பல்லில் பட்டு, மாணவனின் கை கொஞ்சம் தயங்கினால் போதும், "நகரு."

இது எனக்கு உறைக்கவே நாளாயிற்று. உறைக்க வைத்தவன் ஏழுமலை. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அவன் அப்பாவுக்கு வெற்றிலைக் கடை. நல்ல ஆஜானுபாகுவான பையன், கையும் அதற்கேற்ற பெரிய கை. ஒரு நாள் ஸ்டெரிலைசர் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"கீழ்க்கடைவாய்ப் பல் எத்தனை எடுத்திருக்கே?" என்று கேட்டேன்.

"புடிச்சது நெறைய சார். எட்த்தது இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"பல்லு ஆட ஆரம்பிக்கும் சார். அதுக்குள்ள நகருன்னுடுவாரு. அப்பால தட்டு புடிச்சிக்கினு நிப்பேன்."

"சின்ன டாக்டர் மேல கோபமா?"

"அவரு மேல இன்னா சார் கோவம்? அவரு கையி சாமி கையி. என் கையிதான் ஒதவாத கையி. படிப்பை வுட்டுட்டு நைனா கடைக்கே பூடலாமான்னு பாக்கறேன்."

இதை அவன் அழாமல், சாதாரணமாகச் சொன்னான்.

சேஷாத்ரியைக் கூப்பிட்டுப் பேசினேன். "பசங்க கையில விடுங்க. தப்பு பண்ணித்தான் கத்துக்கணும்" என்று நான் ஆரம்பித்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"யார் வாயிலே சார் தப்பு பண்ணணும்? அவன் தடுமாறிண்டிருக்கான், பேஷண்டுக்கு வலிக்கறது, எனக்கு எடுக்கத் தெரியும். நான் கையைக் கட்டிண்டு பார்த்துண்டு நிக்கணுமா? தர்மாஸ்பத்திரிக்கு வர்ற ஏழைன்னா, இவா பழகிக்கறதுக்குக் கட்டையா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரக்கத்தினால் ஃபோர்செப்ஸைப் பறிக்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? திமிரினால் பறிக்கிறவராக இருந்தால் நான் நாலு போடு போட்டிருப்பேன்.

3. சூப்பிரண்டென்ட் அறையில்

எங்கள் சூப்பிரண்டென்ட் கண்டிப்பானவர், ஆனால் நியாயஸ்தர். திங்கட்கிழமை ரவுண்ட்ஸ் வந்தவர் பல் பிரிவு ஜன்னல் ஓரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். உடனே எனக்குச் சொல்லி அனுப்பினார்.

"உங்க சேஷாத்ரி கெட்டிக்காரர். கண்ணால பார்த்தேன். அவரை வகுப்புலேருந்து எடுத்து வெளி நோயாளிகளைப் பார்க்கற ஓ.பி.க்குப் போட்டுடுங்க. பாடம் நடத்த வேற ஆள் பார்க்கறேன்."

"சார், அவர் பாடம் நடத்தணும்னுதான் இங்கே வந்தாரு."

"வந்தாரு, சரி. நடத்தினாரா? நான் பார்த்த நேரம் முழுக்க ஒரு பையன்கூட ஆயுதத்தைத் தொடலை. எல்லாரும் வேடிக்கை பார்க்கறானுங்க. பரீட்சையில வெளியாள் வந்து பல்லை எடுடான்னா இவனுங்க தட்டைத்தான் எடுத்துக் கொடுப்பானுங்க."

நான் கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஒரு வழி விட்டார். "சனிக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். அவருகிட்ட படிக்கிற பையன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், கீழ்க்கடைவாய்ப் பல் ஒண்ணைத் தானே எடுத்தேன்னு என் முன்னால வந்து சொல்லட்டும். அப்புறம் மறுபேச்சு பேச மாட்டேன்."

சேஷாத்ரியிடம் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓ.பி.ல உட்கார்ந்து பல்லு பிடுங்கறதுக்கு நான் மாமாகிட்டயே போயிருக்கலாமே சார்" என்றார். வீட்டில் எல்லோருடைய பேச்சையும் மீறி வந்தவர். திரும்பிப் போனால் மாமா என்ன சொல்வார் என்பது எனக்கே தெரிந்தது.

இனிமேல் பறிக்க மாட்டேன் என்று சத்தியமே செய்தார். செவ்வாயும் போனது, புதனும் போனது. வியாழக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் நாற்காலியில் லேசாக முனகினார். அவ்வளவுதான். "நகரு."

என்னைப் பார்த்ததும் சேஷாத்ரி கூனிக் குறுகிப்போனார். "கை தானாப் போயிடறது சார். நான் என்ன பண்ணட்டும்?"

4. பல் டாக்டருக்குப் பல்வலி

ஊருக்கெல்லாம் பல் விளக்கச் சொல்கிற நாங்கள் சொந்தப் பல்லைக் கவனிப்பதில்லை. எனக்குக் கீழே வலப்பக்கம் இரண்டாவது கடைவாய்ப் பல்லில் ரொம்ப நாளாகச் சொத்தை. அடைக்கலாம் அடைக்கலாம் என்று தள்ளிப் போட்டுப் போட்டு, அடைக்கிற கட்டம் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அது என்னைக் கொன்றது.

"ஏங்க, வெளியில சொல்லிடாதீங்க. பல் டாக்டருக்கே பல்வலின்னா ஜனங்க சிரிக்கும்" என்று என் மனைவி கிராம்பைக் கையில் கொடுத்து அனுப்பினாள். டிராம் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் உயிர் போய் உயிர் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் சேஷாத்ரியிடம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு நொடியில் எடுத்துவிடுவார். அந்த நினைப்பே வலியைப் பாதி குறைத்தது.

ராயப்பேட்டை தாண்டும்போதுதான் அவர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. யார் வாயில் தப்பு பண்ணுவது? ஏழை வாயில் வேண்டாம், சரி. என் வாயில் பண்ணட்டுமே! பெரிய ஞானம் வந்து இந்த முடிவுக்கு வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வலி, எரிச்சல், அதற்குமேல் ஒரு வீம்பு.

நேரே போய் மாணவர்கள் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்தேன். சேஷாத்ரி என் கன்னத்தைப் பார்த்ததுமே சட்டைக் கையைச் சுருட்டினார்.

"நீங்க இல்லை" என்றேன். "ஏழுமலை எடுக்கட்டும். நீங்க சொல்லிக் கொடுங்க. உங்க கை மட்டும் என் வாய்க்குள்ள வரக்கூடாது."

"சார், விளையாடாதீங்கோ. வேர் முறிஞ்சா?"

"முறிஞ்சா என் வேர். பேஷண்டே சம்மதிச்சாச்சு. இப்ப என்ன சொல்றீங்க?"

அவர் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கினார். வகுப்பு மொத்தமும் சுற்றி வந்து நின்றுவிட்டது. ஏழுமலை கையைக் கழுவினான், திரும்பவும் கழுவினான். போதும்டா, தோல் உரியப் போகுது என்று நான் கத்திய பிறகுதான் வந்தான். ஊசியை நன்றாகவே போட்டான். உதடும் பாதி நாக்கும் மரத்துப்போயின. அதற்குமேல் என்னால் ஒழுங்காக ஒரு வார்த்தை பேச முடியாது.

வலப்பக்கத்துக் கீழ்ப் பல் என்பதால் அவன் எனக்குப் பின்னால் நின்றான். சேஷாத்ரி எதிரே, இடப்பக்கம். கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கட்டினார், பிரித்தார். பிறகு பக்கத்திலிருந்த கிட்னி ட்ரேயை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாணவர்கள் யாரோ 'அடேயப்பா' என்றார்கள். டெமான்ஸ்ட்ரேட்டர் தட்டு பிடித்து அவர்கள் பார்த்ததே இல்லை.

ஃபோர்செப்ஸ் பல்லைக் கவ்வியது. ஏழுமலை அழுத்தினான். வழுக்கிவிட்டது. திரும்பக் கவ்வினான், திரும்பவும் கை தயங்கியது. சேஷாத்ரியின் வலக்கை தட்டை விட்டு என் முகத்துக்கு நேரே வருவதைப் பார்த்தேன். கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் கை தட்டுக்கே திரும்பியிருந்தது.

"ஏழுமலை" என்றார். "உன் கைக்கு என்னடா தெரியறது?"

"இன்னா சார்?"

"எனக்கு இங்கேருந்து ஒண்ணும் தெரியலை. பல்லு உன் கையிலேதான் இருக்கு. எந்தப் பக்கம் அசைஞ்சு குடுக்கறது?"

அவன் கை என் தாடையில் மெதுவாக அசைவது தெரிந்தது. "நாக்குப் பக்கம் குடுக்குது சார். கன்னத்துப் பக்கம் கெட்டியாக் கீது."

கீழ்க்கடைவாய்ப் பல்லை முதலில் கன்னத்துப் பக்கம் சாய்க்க வேண்டும். வருஷக்கணக்காக நான் நடத்திய பாடம் அது. கன்னத்துப் பக்கம் போடா என்று கத்த நினைத்தேன். 'ங்ஙா' என்றுதான் வந்தது. கையைத் தூக்கி என் வலது கன்னத்தைக் காட்டினேன். ஏழுமலை அப்படியே உறைந்து நின்றான். பாவம், அவன் என்ன செய்வான்? காட்டுவது பிரிவின் தலைவர் ஆயிற்றே.

சேஷாத்ரி என்னைப் பார்த்தார். "சார், கையைக் கீழே வைங்கோ" என்றார். "இந்த நாற்காலியிலே நீங்க பேஷண்ட். அவனைக் குழப்பாதீங்கோ."

அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் கையைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் ஏழுமலை பக்கம் திரும்பினார். "நீ சொன்னியே, அந்தப் பக்கமே போ. மெதுவா. அப்புறம் இந்தப் பக்கம். என்ன தெரியறதோ அதைச் சொல்லிண்டே வா. அவசரமே இல்லை. நான் இங்கேயே இருக்கேன்."

ஏழுமலை சொல்லிக்கொண்டே வந்தான். "உள்ள போவுது சார். இப்ப வெளிய கொஞ்சம் லூசாவுது. இன்னும் கொஞ்சம். சார், வருது, வருது." எலும்புக்குள் நெரிகிற சத்தம் என் காதில் கேட்டது. பிறகு தாடை சட்டென்று லேசானது.

அவன் பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். இரண்டு வேரும் நுனி வரைக்கும் முழுசாக இருந்தன. "வந்துட்ச்சி சார்! முழுசா வந்துட்ச்சி!" என்று கத்தினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சேஷாத்ரி அவனை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "பஞ்சு வைடா. பேஷண்டைக் கடிக்கச் சொல்லு" என்றார். அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது.

"கடிங்க சார். நல்லா அழுத்திக் கடிங்க" என்று ஏழுமலை எனக்கு உத்தரவு போட்டான். கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாக்குப் பக்கத்து எலும்பு சிலருக்கு அந்த இடத்தில் மெல்லிசாக இருக்கும். எனக்கு அப்படி. நான் காட்டிய பக்கம் அவன் முரட்டுத்தனமாக அழுத்தியிருந்தால் வேர் முறிந்திருக்கும்.

5. சனிக்கிழமை

மூன்று பேரும் போய் சூப்பிரண்டென்ட் முன்னால் நின்றோம். என் கன்னம் இன்னும் இறங்கவில்லை. அவர் பல்லை ஒரு காகிதத்தில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு ஏழுமலையை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரப்பா எடுத்தது?"

"நான்தான் சார்."

"சேஷாத்ரி எந்த இடத்துல கை கொடுத்தார்?"

"அவரு கையே வெக்கல சார்."

"எந்தப் பக்கம் சாய்க்கணும்னு சொன்னாரா?"

பையன் பொய் சொல்லத் தெரியாதவன். ரொம்ப யோசித்தான். "இல்ல சார். உன் கைக்கு இன்னா தெரியுதுன்னு என்னாண்டதான் கேட்டாரு. நான் சொன்னேன். நானே எட்த்தேன். அவரு சும்மா நின்னுக்கினு இருந்தாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயோ, இப்படிப் போட்டு உடைத்துவிட்டானே! சேஷாத்ரி தலையைக் குனிந்துகொண்டார். சூப்பிரண்டென்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"என்ன டாக்டர், சும்மா நிக்கிறதுக்கா இவருக்குச் சம்பளம்?"

முந்தின நாள் ராத்திரி முழுக்க நான் இங்கிலீஷில் ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். தாடை அதற்குத் திறக்கவில்லை.

"ஆமா சார்" என்றேன். "அதுக்குத்தான்."

அவர் என்னையும் என் கன்னத்தையும் பார்த்தார். பிறகு சேஷாத்ரியைப் பார்த்தார். "சரி. அப்போ திங்கட்கிழமையும் வந்து நில்லுங்க" என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் சேஷாத்ரி தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. ஏழுமலைக்கு எதற்குச் சிரிக்கிறார் என்றே புரியவில்லை. "நான் இன்னா சார் தப்பாச் சொல்ட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

புதிதாக வகுப்பெடுக்க வந்திருப்பவர்களே, உங்களுக்கு என் பதில் இதுதான். மாணவனிடம் கையை நீட்டாமல் பக்கத்தில் நிற்கப் பழகுங்கள். பிரிவுக்குத் தலைவராக ஆனால், அப்படி நிற்கிறவரிடமும் கையை நீட்டாதீர்கள். கேட்க ரொம்பச் சுலபம். பாதி நாக்கு மரத்து, வாய்க்குள் ஃபோர்செப்ஸோடு உட்கார்ந்திருந்த நானே கையைத் தூக்கினேன். அன்று என் வாயால் பேச முடிந்திருந்தால் ஏழுமலை வெற்றிலைக் கடைக்கும் சேஷாத்ரி மவுண்ட் ரோடுக்கும் போயிருப்பார்கள். நல்ல புத்திமதி ஒன்றைச் சொன்னோம் என்ற திருப்தியோடு நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.